நவீன ஐரோப்பிய ஓவியம்: டீ நேரத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

வாசகர் வட்டங்களிலும் கல்லூரிகளிலும் ஐரோப்பிய ஓவியங்களைத் திரையில் போட்டுக் காட்டிப் பேசி வருகிறேன். நான் ஓவியன் இல்லை. பார்க்கப் பிடிக்கும், படிக்கப் பிடிக்கும், அவ்வளவுதான். பேச்சு முடிந்து டீ குடிக்கும்போது வரும் கேள்விகள் ஊர் மாறினாலும் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை எழுதி, கீழே என் பதிலைத் தந்திருக்கிறேன். முடிந்தால் வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

மாடர்ன் ஆர்ட்னா இப்ப வரையறதுதானே?

இல்லை. ஏறக்குறைய 1860களில் தொடங்கி இரண்டாம் உலகப் போர்வரை ஐரோப்பாவில் நடந்ததைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்கிறோம். இப்போது வரைவதற்குச் 'சமகால ஓவியம்' என்று பெயர். மோனேயின் படங்களுக்கு 150 வயது ஆகிவிட்டது, இன்னும் 'நவீனம்'தான். புதுக்கோட்டை எவ்வளவு பழசானாலும் புதுக்கோட்டைதானே.

இத்தனை இஸத்தை எப்படி சார் ஞாபகம் வெச்சுக்கிறது?

படத்தின் தோற்றத்தை மனப்பாடம் செய்தால் குழப்பம்தான் மிஞ்சும். இஸம் என்பது ஒத்த எண்ணமுள்ள ஓவியர்களின் கூட்டம். ஒவ்வொரு கூட்டமும் யாரோடு சண்டை போட்டது என்று கேளுங்கள். இம்ப்ரெஷனிஸ்டுகளின் சண்டை பாரிஸின் அரசு கண்காட்சியான சலோனோடு. அங்கே புராணக் காட்சிகளுக்கும் தூரிகைத் தடம் தெரியாத வழவழப்புக்கும்தான் மரியாதை. பொருளின் நிறத்தைத்தான் பூச வேண்டும் என்ற விதியோடு சண்டை போட்டவர்கள் ஃபாவிஸ்டுகள். ஒரே இடத்தில் நின்று பார்த்து வரைய வேண்டும் என்பதோடு மோதியது கியூபிசம். டாடாக்காரர்கள் கலை என்ற பீடத்தையே உதைத்தார்கள், சர்ரியலிஸ்டுகள் புத்தியை.

ஒரு எச்சரிக்கை. ஓவியர்கள் கட்சி உறுப்பினர்கள் இல்லை. பிக்காசோ ஒருவரே நாலைந்து வீடு மாறியவர்.

இந்தப் பேரெல்லாம் யார் வெச்சது? ஓவியர்களே கூடி முடிவு பண்ணாங்களா?

முக்கியமான மூன்று பெயர்கள் கேலியில் பிறந்தவை. 1874 ஏப்ரலில், சலோனை நம்பிப் பயனில்லை என்று சுமார் 30 ஓவியர்கள் பாரிஸில் நாடார் என்ற புகைப்படக்காரரின் பழைய ஸ்டூடியோவில் தாங்களே கண்காட்சி வைத்தார்கள். (நம்ம ஊர் நாடார் இல்லை, அது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர்.) அங்கே லு ஆவ்ர் துறைமுகத்தின் விடியலை மோனே வரைந்த படத்துக்கு 'இம்ப்ரெஷன், சூரிய உதயம்' என்று தலைப்பு. லூயி லெருவா என்ற விமர்சகர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். அரைகுறையாக அச்சான சுவர்க் காகிதம்கூட இதைவிட முடிந்த வேலையாக இருக்கும் என்று எழுதினார். வசவு பெயராகிவிட்டது.

1905இல் இலையுதிர்காலக் கண்காட்சியின் ஓர் அறையைப் பார்த்து, காட்டு விலங்குகளுக்கு நடுவே மறுமலர்ச்சிக் காலச் சிற்பி தொனத்தெல்லோவின் சிற்பம் ஒன்று மாட்டிக்கொண்டது போல இருக்கிறது என்றார் விமர்சகர் லூயி வோசெல். காட்டு விலங்குக்குப் பிரெஞ்சில் 'ஃபாவ்', அதுதான் ஃபாவிசம். 1908இல் ஓவியர் பிராக் வரைந்த வீடுகளைப் பார்த்து எல்லாவற்றையும் கனசதுரமாக்கிவிட்டார் என்று எழுதியவரும் அவரே. கனசதுரத்துக்குப் பிரெஞ்சில் 'கியூப்', அதுதான் கியூபிசம். இரண்டு குழந்தைகளுக்குப் பெயர் வைத்த மனிதருக்கு இரண்டையுமே பிடிக்காது. ஃபியூச்சரிஸ்டுகள் தாங்களே பெயர் சூட்டிக்கொண்டு, 1909இல் லு ஃபிகாரோ நாளிதழின் முதல் பக்கத்தில் அறிக்கையும் விட்டார்கள்.

மானே, மோனே ரெண்டும் ஒரே ஆளா? அச்சுப்பிழையா?

இரண்டு பேர். எதுவார் மானே மூத்தவர். 'ஒலிம்பியா' அவருடையது. 1865 சலோனில் அதைப் பார்த்து பாரிஸே கொதித்தது. வீனஸ் என்று புராண தேவதையின் பெயரை வைத்திருந்தால் அந்த நிர்வாணத்தைப் பொறுத்திருப்பார்கள். அவர் வரைந்ததோ வாடிக்கையாளரை நேருக்கு நேர் முறைக்கும் ஒரு பாரிஸ் பெண்ணை. குளோத் மோனே எட்டு வயது இளையவர். அல்லிக்குளம், வைக்கோல்போர் எல்லாம் இவருடையவை. மானேயை இம்ப்ரெஷனிஸ்டுகளின் அண்ணன் என்று சொல்லலாம், ஆனால் அவர்களுடைய எட்டுக் கண்காட்சிகளில் ஒன்றில்கூட அவர் படம் வைத்ததில்லை. கறுப்பு அடர்த்தியாக, தட்டையாக இருந்தால் மானே. நிழல்கூட நீலமாக, ஊதாவாக இருந்தால் மோனே.

கிட்டப் போனா திட்டுத் திட்டா இருக்கு, தள்ளி நின்னா தண்ணி தெரியுது. அது எப்படி?

அவர்கள் வரைந்தது தண்ணீரை அல்ல, தண்ணீரின் மேல் விழுந்த வெளிச்சத்தை. வெளிச்சம் நிற்காது, மேகம் நகர்ந்தால் போயிற்று. ஆகவே வேகம் வேண்டும். நிறத்தைத் தட்டில் குழைத்து ஆற அமரப் பூசாமல், அருகருகே தனித்தனித் தீற்றல்களாக வைத்தார்கள். மிச்ச வேலையை நம் கண் செய்கிறது.

இதற்குப் பின்னால் ஒரு சாதாரணச் சாமானும் இருக்கிறது. 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகர டியூபில் வண்ணத்தை அடைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்னால் பன்றியின் மூத்திரப்பையில் வண்ணத்தைக் கட்டி வைத்துக் குத்திப் பிதுக்கினார்கள். பிரித்தால் காயும், வெடித்தால் நாசம். மூடிபோட்ட டியூப் வந்ததும் காலை ரயிலேறி ஆற்றங்கரைக்குப் போய் வரைந்துவிட்டு மாலையில் திரும்ப முடிந்தது.

சரி, ஒரே வைக்கோல்போரை எதுக்கு இருபத்தஞ்சு தடவை வரையணும்?

முந்தைய பதிலை அதன் எல்லைக்கே கொண்டுபோனால் இதுதான் நடக்கும். 1890-91இல் தன் ஜிவெர்னி வீட்டருகே இருந்த வைக்கோல்போர்களை மோனே வரைந்தார். பல கித்தான்களைத் தயாராக வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாறமாற ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். போர் ஒரு சாக்குத்தான். காலைப் பனி, மாலைச் சிவப்பு, உறைபனி இவைதான் விஷயம். ஒரே படத்தைத் தனியாகப் பார்த்தால் இது புரியாது. நாலைந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

புள்ளி புள்ளியா வெச்சாரே, அவரும் இம்ப்ரெஷனிஸ்ட்தானா?

ஜார்ஜ் செரா. அவர்களுடைய கடைசிக் கண்காட்சியில் (1886) 'கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு' படத்தை வைத்தார். ஆனால் குணம் நேரெதிர். அவர்கள் அவசரக்காரர்கள், இவரோ சுமார் இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலக் கித்தானில் இரண்டு வருடம் உழைத்தவர். கோபலின் நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் செவ்ரோல், ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் மாறித் தெரியும் என்று எழுதியிருந்தார். அதை செரா விஞ்ஞானமாகவே எடுத்துக்கொண்டார். பட்டுப்புடவைக் கடையில் பார்டரோடு சேர்த்து உடலின் நிறத்தைப் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. செரா 31 வயதில் இறந்துபோனார்.

செசான் ஆப்பிள்ல அப்படி என்னதான் இருக்கு? மேசையே கோணலா இருக்கே!

கோணல் என்று கண்டுபிடித்தீர்கள் அல்லவா, பாதி தூரம் வந்துவிட்டீர்கள். சிக்காகோவில் இருக்கும் 'ஆப்பிள் கூடை' படத்தை எடுத்துக்கொள்வோம். மேசையின் முன்விளிம்பை இடப்பக்கமிருந்து விரலால் தொட்டுக்கொண்டே வாருங்கள். நடுவில் வெள்ளைத் துணி மறைக்கும். துணிக்கு அந்தப் பக்கம் விளிம்பு வேறு உயரத்தில் தொடங்கும். பாட்டில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கூடையிலிருந்து ஆப்பிள்கள் உருண்டுவிடும் போல இருக்கிறது, ஆனால் படம் கவிழவில்லை.

நாம் ஒரு மேசையைப் பார்க்கும்போது தலையை அசைக்கிறோம், ஒரு கண்ணிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறோம். அந்தப் பல பார்வைகளையும் செசான் ஒரே படத்தில் வைத்தார். இன்னொன்று, இம்ப்ரெஷனிசத்தில் வெளிச்சம் பொருளைக் கரைத்துவிடுகிறது என்பது அவர் குறை. அவருக்குக் கனம் வேண்டும், கல் போல நிற்க வேண்டும். அவர் 1906இல் இறந்தார். அடுத்த ஆண்டு பாரிஸில் நடந்த பெரிய நினைவுக் கண்காட்சியை இளம் ஓவியர்கள் வந்து கரைத்துக் குடித்தார்கள். என்னைக் கேட்டால், இந்த இரண்டு பத்தியைப் புரிந்துகொண்டவர்களுக்குக் கியூபிசம் பாதி முடிந்தது.

வான்கோ பைத்தியத்தில் வரைந்தாரா? ஒரே ஒரு படம்தான் விற்றதாமே?

பைத்தியத்தில் வரையவில்லை, நோயின் தாக்குதல்களுக்கு இடைப்பட்ட தெளிவான நாட்களில் வரைந்தார். 'நட்சத்திர இரவு' 1889 ஜூனில், சேன் ரெமி மனநல விடுதியில் இருந்தபோது வரைந்தது. விடிவதற்கு முன் ஜன்னல் வழியே பார்த்ததை, பகலில் கீழ்த்தளத்து அறையில் வைத்து வரைந்திருக்கிறார். ஜன்னலில் கம்பிகள் உண்டு, படத்தில் இல்லை. ஜன்னலிலிருந்து தெரியாத ஊரைப் படத்தில் சேர்த்திருக்கிறார். புத்தி பேதலித்தவர் செய்யும் ஏற்பாடா இது?

விற்பனைக் கதை பாதி உண்மை. 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்' 1890இல் பிரசெல்ஸில் 400 ஃபிராங்குக்குப் போனது, வாங்கியவர் அன்னா பாக், அவரும் ஓவியர். ஆனால் அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே அவருடைய சித்தப்பா ஒருவர் காசு கொடுத்து கோட்டோவியங்கள் கேட்டு வாங்கியிருக்கிறார். 27 வயதில் தூரிகையைப் பிடித்து 37இல் இறந்த மனிதர், புகழ் வரத் தொடங்கும் நேரத்தில் போய்விட்டார் என்பதே சரி. அந்தப் புகழை வளர்த்தது அவர் தம்பியின் மனைவி யோஹன்னா.

வான்கோ எந்த இயக்கம் என்றால், போஸ்ட் இம்ப்ரெஷனிசம், அதாவது இம்ப்ரெஷனிசத்துக்குப் பிந்தையது. அது 1910இல் லண்டனில் விமர்சகர் ரோஜர் ஃப்ரை ஒரு கண்காட்சிக்காக ஒட்டிய சீட்டு. செசான், கோகென், வான்கோ மூவரையும் ஒரே பையில் போட்டார். மூவரும் மூன்று திசை.

முகத்துல பச்சைக் கோடு போட்டா அது ஃபாவிசமா எக்ஸ்பிரஷனிசமா?

நீங்கள் சொல்வது மத்தீஸ் 1905இல் தன் மனைவியை வரைந்த படம் என்றால், ஃபாவிசம். நெற்றியிலிருந்து மோவாய்வரை ஒரு பச்சைப் பட்டை. ஒரு பக்கக் கன்னம் மஞ்சள், மறுபக்கம் இளஞ்சிவப்பு. பச்சை அங்கே நிழலின் வேலையைச் செய்கிறது. கையால் மறைத்துப் பாருங்கள், முகம் தட்டையாகிவிடும்.

எக்ஸ்பிரஷனிசம் ஜெர்மனிப் பக்கத்துப் பிள்ளை. 1905இல் டிரெஸ்டனில் 'பாலம்' என்ற குழு, 1911இல் மியூனிக்கில் 'நீலக் குதிரைவீரன்'. அங்கேயும் நிறம் கட்டவிழ்ந்ததுதான், ஆனால் அது கண்ணுக்கு விருந்தாக இல்லாமல் நெஞ்சு படபடப்பாக வரும். கிர்ஷ்னர் வரைந்த பெர்லின் தெருக்களில் மனிதர்கள் கத்தி முனை போலக் கூர்மையாக நிற்பார்கள்.

மூங்க் வரைஞ்ச 'அலறல்'ல அந்த ஆள் ஏன் கத்துறான்?

அவன் கத்தவில்லை, காதைப் பொத்திக்கொள்கிறான்! நார்வேக்காரரான மூங்க் தன் குறிப்பில் எழுதியிருக்கிறார்: இரண்டு நண்பர்களோடு நடந்துகொண்டிருந்தபோது வானம் ரத்தச் சிவப்பானது, இயற்கையின் ஊடே முடிவில்லாத ஓர் அலறல் போவதை உணர்ந்தேன் என்று. 1893 படத்தின் மேல்மூலையில் பென்சிலில், பைத்தியக்காரன்தான் இதை வரைந்திருக்க முடியும் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. யாரோ பார்வையாளர் கிறுக்கியது என்று பலகாலம் நினைத்தார்கள். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, எழுதியவர் மூங்கேதான் என்று 2021இல் நார்வேயின் தேசிய அருங்காட்சியகம் சொன்னது.

மூக்கு ஒரு பக்கம், கண்ணு ஒரு பக்கம். பிக்காசோவுக்கு ஒழுங்கா வரையத் தெரியாதோ?

பார்சிலோனா பிக்காசோ அருங்காட்சியகத்தில் 'அறிவியலும் ஈகையும்' என்று ஒரு படம் இருக்கிறது. நோயாளிப் பெண், நாடி பார்க்கும் மருத்துவர், குழந்தையைத் தூக்கி நிற்கும் கன்னிகாஸ்திரீ. சலோன்காரர்களே கைதட்டியிருப்பார்கள். வரைந்தபோது பிக்காசோவுக்கு 15 வயது. தெரியாமல் கோணலாக வரைவது வேறு, தெரிந்து கோணுவது வேறு.

மேலே செசானின் மேசையைப் பார்த்தோம். பிக்காசோவும் பிராக்கும் அந்த மேசையை உடைத்துத் துண்டுகளைத் தட்டையாகப் பரப்பினார்கள். 1911 வாக்கில் இரண்டு பேர் படமும் பழுப்பும் சாம்பலுமாக, யாருடையது என்று சொல்ல முடியாதபடி இருக்கும். ஒரே கயிற்றில் கட்டிக்கொண்ட மலையேறிகள் மாதிரி இருந்தோம் என்று பிற்பாடு பிராக் சொன்னார்.

1912இல் பிக்காசோ ஒரு வேடிக்கை செய்தார். 'பிரம்பு நாற்காலியுடன் அசையாப் பொருட்கள்' என்ற சின்ன முட்டை வடிவப் படம். அதில் பிரம்புப் பின்னல் அசலாகவே தெரியும், தொட்டுப் பார்க்கத் தோன்றும். ஆனால் அதை அவர் வரையவே இல்லை, அந்தப் பின்னல் அச்சடித்த மெழுகுத்துணியை ஒட்டிவிட்டார். ஓரத்துக்குச் சட்டம் போடாமல் கயிற்றைச் சுற்றினார். படத்தில் 'நிஜம்' போல இருப்பது ஆலையில் அச்சான பொய், கையால் வரைந்ததோ அடையாளமே தெரியாத துண்டுகள். நான் இதைக் காட்டும்போது அரங்கில் முதலில் சிரிப்பவர்கள் வழக்கமாகச் சிறுவர்கள்தான்.

ஃபியூச்சரிசம்?

இத்தாலி. கார், ரயில், வேகம், கூடவே போர்வெறி. நாய் நடப்பதைக் காட்ட ஓவியர் பல்லா பத்திருபது கால்களைப் போட்டார். போச்சோனியின் நடக்கும் சிற்பம் இத்தாலியின் 20 சென்ட் நாணயத்தில் இருக்கிறது. வேகத்தைப் பாடியவர் 1916இல் ராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார்.

கறுப்புச் சதுரத்தை என் பொண்ணே வரைவாளே. அதுக்கு எதுக்கு மியூசியம்?

வரைவாள், சந்தேகமே இல்லை. 1915 டிசம்பரில் ரஷ்யாவின் பெத்ரோகிராதில் அதை எங்கே மாட்டினார் ஓவியர் மாலெவிச் என்பதைப் பாருங்கள். அறையின் மூலையில், கூரையை ஒட்டி. ரஷ்ய வீடுகளில் சாமி படம் வைக்கும் மூலை அது. நம் வீட்டுப் பூஜை மாடத்தில் சாமி படத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு அட்டையை வைத்தால் பாட்டி என்ன சொல்வார்? அந்த அதிர்ச்சியும் படத்தின் பகுதி.

எந்தப் பொருளின் உருவமும் இல்லாத அரூப ஓவியம் எல்லாமே இப்படி வம்புக்கு நிற்பதல்ல. காந்தின்ஸ்கி இசை போல நிறம் நேராக மனத்தைத் தொட வேண்டும் என்று நினைத்தவர். மாஸ்கோவில் மோனேயின் வைக்கோல்போர் ஒன்றைப் பார்த்தபோது அது என்னவென்றே அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் படம் மனத்தைவிட்டுப் போகவில்லை. அப்போது பொருள் எதற்கு என்று தோன்றியதாம். மோந்த்ரியான் மரத்தை வரைந்து வரைந்து, கிளைகளைக் கோடுகளாக்கி, கடைசியில் நேர்கோடும் சிவப்பு, மஞ்சள், நீலமும் போதும் என்று நின்றார்.

மூத்திரக் கோப்பையில கையெழுத்துப் போட்டது எப்படி கலை ஆகும்?

1917, நியூயார்க். பணம் கட்டினால் எந்தப் படைப்பையும் ஏற்போம் என்று ஒரு சங்கம் அறிவித்தது. பிரெஞ்சுக்காரரான துஷாம் அதன் நிர்வாகத்தில் இருந்தார். கடையில் வாங்கிய கோப்பையை மல்லாக்க வைத்து, 'ஆர். மட்' என்ற பொய்ப்பெயரில் 'நீரூற்று' என்று அனுப்பினார். சங்கம் காட்சிக்கு வைக்க மறுத்தது, அவர் விலகினார். அழகு எங்கே என்று தேடாதீர்கள். உங்கள் விதியை நீங்களே நம்புகிறீர்களா என்ற கேள்விதான் படைப்பு. அசல் தொலைந்துவிட்டது. அருங்காட்சியகங்களில் இருப்பவை பிற்காலப் பிரதிகள்.

டாலியோட உருகுற கடிகாரம் டாடாவா சர்ரியலிசமா?

சர்ரியலிசம். டாடா 1916இல், போர் நடுவே, ஜூரிக்கில் ஒரு கேளிக்கை விடுதியில் பிறந்த கலகம். அதிலிருந்து வந்தவர்களில் ஒருவரான பிரெத்தோன், 1924இல் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டைப் படித்த தெம்பில் கனவுக்கும் அடிமனத்துக்கும் அறிக்கை எழுதினார், அதுதான் சர்ரியலிசம்.

திரையில் பார்த்து ஏமாறாதீர்கள். கடிகாரப் படம் 24க்கு 33 சென்டிமீட்டர், ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். உருகுவது மட்டும்தான் பைத்தியம், பின்னால் உள்ள பாறைகள் டாலி வீட்டருகே இருக்கும் நிஜமான கடற்கரை. மக்ரீத் இதிலிருந்து வேறு ரகம். புகைக்குழாயைப் பள்ளிக்கூடச் சார்ட் மாதிரி வரைந்து, கீழே 'இது புகைக்குழாய் அல்ல' என்று எழுதினார். உண்மைதானே, அதில் புகையிலை அடைக்க முடியுமா?

கெர்னிகா எந்த இஸம்?

பிக்காசோவின் அந்தப் படத்தில் உடைந்த வடிவம் கியூபிசம், அலறும் வாய் எக்ஸ்பிரஷனிசம், குதிரையும் காளையும் கனவிலிருந்து வந்தவை. இரண்டாவது பதிலில் சொன்ன எச்சரிக்கை இதற்காகத்தான். 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் பாஸ்க் பகுதி ஊரான கெர்னிகாவின் மேல் ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டன. பாரிஸ் உலகக் கண்காட்சியின் ஸ்பெயின் அரங்குக்காக பிக்காசோ வரைந்த படம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம், 7.8 மீட்டர் அகலம். சிவப்பு கிடையாது. கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டும். குதிரை உடம்பில் இருக்கும் பொடிக்கோடுகளை உற்றுப் பாருங்கள், நாளிதழ் பத்திகள் போலவே இருக்கும்.

பெண்கள் யாருமே இல்லையா?

இருந்தார்கள். பெர்த் மொரிசோ இம்ப்ரெஷனிஸ்டுகளின் எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் படம் வைத்தார், மோனேகூட அத்தனையில் வைக்கவில்லை. பாரிஸ் நுண்கலைப் பள்ளி 1897வரை பெண்களைச் சேர்க்கவில்லை. ஜெர்மனியில் கப்ரியேலே மூன்டர், நாஜிகள் நவீன ஓவியத்தைச் 'சீரழிந்த கலை' என்று வேட்டையாடிய காலத்தில், தன் பழைய காதலர் காந்தின்ஸ்கியின் படங்களை வீட்டு நிலவறையில் ஒளித்துக் காப்பாற்றினார். அவரைப் பற்றிப் பேசும்போது இதை மட்டும் சொல்லி முடிப்பதும் அநியாயம், அவர் வரைந்த மலைக்கிராமங்கள் எனக்கு காந்தின்ஸ்கியைவிடப் பிடிக்கும்.

இதெல்லாம் நம்ம பக்கம் எப்ப வந்துச்சு?

1922 டிசம்பரிலேயே காந்தின்ஸ்கி, கிளே உள்ளிட்டோரின் படைப்புகள் கல்கத்தாவில் காட்சிக்கு வந்தன. கொழும்பில் 1943இல் '43 குழு' உருவானது, அதில் ஜார்ஜ் கீட்டின் கோடுகளில் கியூபிசத்தைப் பார்க்கலாம். சென்னையில் கே.சி.எஸ். பணிக்கர் வான்கோ, கோகென் பாதிப்பில் தொடங்கி, 1960களில் ஜாதகக் கட்டங்களும் எழுத்துகளுமாக வேறு எங்கோ போய்ச் சேர்ந்தார். 1966இல் அவர் முன்னின்று அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமம் இன்றும் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது.

தலைகீழா மாட்டினா யாருக்காவது தெரியுமா?

விளையாட்டாகக் கேட்கிறீர்கள், நிஜமாகவே நடந்திருக்கிறது. மோந்த்ரியான் 1941இல் வண்ண ஒட்டு நாடாக்களை வைத்துச் செய்த 'நியூயார்க் சிட்டி 1', ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் நகரில் இருக்கிறது. அது பல பத்தாண்டுகளாகத் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது என்று 2022இல் அங்கே பணியாற்றும் காப்பாளரே சொன்னார். நெருக்கமான கோடுகள் மேலே வர வேண்டுமாம், வானம் போல. மோந்த்ரியான் இறந்த ஆண்டில் எடுத்த அவர் ஸ்டூடியோ புகைப்படத்தில் படம் அப்படித்தான் நிற்கிறது.

சரி, திருப்பி மாட்டினார்களா என்றால், இல்லை. நாடாக்கள் காய்ந்து, பிடிமானம் போய்த் தொங்குகின்றன. இப்போது திருப்பினால் கழன்று விழுந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.